எழுத்தும் இடைவெளியும்: எழுத்துரு பற்றிய வாசகர் கேள்விகள்

எழுத்துரு வடிவமைப்பைப் பற்றியும், எழுத்துருக்களை உருவாக்கும் நிறுவனங்களைப் பற்றியும் வந்த கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: கணினியில் ஏற்கெனவே எண்ணற்ற எழுத்துருக்கள் இருக்கின்றன. 'அ' எப்படி எழுதினாலும் 'அ'தானே? பிறகு எதற்காகப் புதியவற்றை உருவாக்கிக்கொண்டே இருக்கிறார்கள்?

பதில்: எழுத்து ஒன்றுதான், அது அச்சேறும் தாளும், ஒளிரும் திரையும், அதைப் படிக்கும் தொலைவும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் தன் தொலைபேசி விவரப் புத்தகங்களுக்கென்று கேட்டுக்கொண்டதால், எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் 1978-ஆம் ஆண்டு 'பெல் சென்டென்னியல்' என்ற எழுத்துருவை உருவாக்கினார். அந்தப் புத்தகங்கள் மலிவான மெல்லிய தாளில், மிகச் சிறிய எழுத்தில், அதிவேக இயந்திரங்களில் அச்சாகுபவை. அத்தகைய தாளில் மை ஊறிப் பரவும்போது, இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலைகளில்தான் முதலில் தேங்கும். எழுத்தின் உள்ளிருக்கும் வெள்ளை இடம் அடைபட்டு, ஓர் எண்ணுக்கும் இன்னோர் எண்ணுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். கார்ட்டர் அந்த மூலைகளில் வேண்டுமென்றே சிறு வெட்டுகளை விட்டார். பெரிதாக்கிப் பார்த்தால் எலி கொறித்ததுபோல் தோன்றும் அந்த எழுத்து, அச்சேறியதும் மை அவ்வெட்டுகளை நிரப்பிவிட, ஒழுங்கான வடிவத்தை அடைந்தது.

அதே கார்ட்டர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்காக 'வெர்டானா'வை உருவாக்கியபோது, வேலையின் வரிசையையே திருப்பிப் போட்டார். 1996-இல் வெளியான அந்த எழுத்துருவுக்கு, அன்றைய திரைகளின் பெரிய பெரிய பிக்சல் கட்டங்களில் எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்பதை முதலில் கட்டம் கட்டமாக முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே வளைகோடுகளை அதற்கேற்ப வரைந்தார். தாளுக்கு ஒரு தீர்வு, திரைக்கு வேறொரு தீர்வு. இப்படி ஒரு தேவைக்குப் பதிலாகப் பிறக்கும் எழுத்துரு வீண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழைப் பொறுத்தவரை, தலைப்புகளுக்கு உகந்த எழுத்துருக்கள் பெருகிவிட்டன. ஆனால் முந்நூறு பக்க நூலின் உட்பக்கங்களைக் கண் சோராமல் படிக்க உதவும் எழுத்துருக்கள் இன்னும் போதவில்லை என்பது என் கணிப்பு. புதிதாக வரைய வருபவர்கள் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

கேள்வி: நானே ஒரு தமிழ் எழுத்துருவை வரைந்திருக்கிறேன். ஒவ்வோர் எழுத்தும் தனியே அழகாக இருக்கிறது. வரியில் அடுக்கினால் மட்டும் ஏதோ இடிக்கிறது. என்ன பிழை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அச்சிட்ட தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய தாளை நெடுநேரம் பார்த்தேன். வளைவுகளில் உங்கள் கை நன்றாகப் பழகியிருக்கிறது. பிழை எழுத்துகளில் இல்லை, அவற்றுக்கு நடுவே இருக்கிறது. தாளின் இரண்டாம் வரியில் 'பட்டணம்' என்ற சொல் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொள்வோம். எல்லா எழுத்துகளுக்கும் இருபுறமும் ஒரே அளவு இடைவெளி விட்டிருக்கிறீர்கள். அளவுகோலால் பார்த்தால் அது சரி, கண்ணால் பார்த்தால் சரியில்லை. 'ப'வின் வலப்புறக் கோடு செங்குத்தானது. அடுத்து வரும் 'ட்' என்பதன் இடப்புறக் கோடும் செங்குத்தானது. இரண்டு நேர்க்கோடுகள் எதிரெதிரே நிற்கும்போது அவை நெருங்கி நிற்பதாகவே கண் உணரும். 'ட'வுக்கோ வலப்புறத்தில் சுவரே கிடையாது. அடியில் ஒரு கோடு ஓடுகிறது, அதற்கு மேலே முழுவதும் வெட்டவெளி. அந்த வெட்டவெளியோடு நீங்கள் விட்ட இடைவெளியும் சேர்ந்துகொள்வதால், 'ட'வுக்கும் 'ண'வுக்கும் நடுவே ஓர் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கிறது. முதல் 'ட்' என்பதற்குப் பின்னாலும் அதே ஓட்டை இருக்க வேண்டும்; மேலே உள்ள புள்ளி அதை ஓரளவு மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். 'ட'வின் வலப்புற இடைவெளியை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடுங்கள். 'ப'வின் இருபுறமும் சற்றுக் கூட்டுங்கள். சொல் ஒரே மூச்சில் வாசிக்கும்படி ஆகிவிடும்.

எழுத்துருவில் ஓர் எழுத்து நிற்கும் சதுரத்தைப் பொதுவாக 1000 அலகுகளாகவோ 2048 அலகுகளாகவோ பிரிப்பார்கள். ஆயிரத்தில் பத்து அலகு என்பது திரையில் ஒரு மயிரிழைதான். ஆனால் ஒரு பக்கத்தில் ஆயிரம் முறை திரும்ப வரும் மயிரிழை அது. அதனால் முதலில் 'பபபப' என்று அடுக்கி, கோடுகளுக்கு இடையே உள்ள வெள்ளையும் 'ப'வின் உள்ளே இருக்கும் வெள்ளையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்வரை திருத்துங்கள். அதன் பிறகு 'பலப', 'படப', 'பணப' என்று ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு 'ப'க்களுக்கு நடுவே நிறுத்திப் பாருங்கள். இந்த வேலை முடிவதற்கு முன் கெர்னிங் பக்கம் போக வேண்டாம். குறிப்பிட்ட இரண்டு எழுத்துகள் சேரும்போது மட்டும் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அந்த வசதி, அடிப்படை இடைவெளி சரியாக அமைந்த பிறகு எஞ்சும் சில இடங்களுக்கானது. அடித்தளம் கோணலாக இருக்கும்போது கெர்னிங்கைத் தொட்டால், நூற்றுக்கணக்கான சோடிகளைத் திருத்திக்கொண்டே இருக்க நேரும்; நானும் தொடக்கத்தில் அப்படிப் பல வாரங்களைச் செலவிட்டவன்.

கொம்புக்கும் காலுக்கும் தனிக் கவனம் வேண்டும். 'தொகை' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் 'த'வைச் சேர்ந்தவை என்பதைக் கண் ஒரு கணமும் தயங்காமல் அறிய வேண்டும். ஆகவே கொம்பு தனக்கு முந்தைய எழுத்திலிருந்து சற்று விலகியும், தன் மெய்யெழுத்தை நெருங்கியும் நிற்க வேண்டும். உங்கள் தாளில் எல்லாக் கொம்புகளும் நடுவழியில் நிற்கின்றன.

வடிவங்களிலும் இரண்டு குறிப்புகள் சொல்லத் தோன்றுகிறது. 'ல'வின் அடிவளைவையும் 'ப'வின் அடிக்கோட்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். வளைவு அடிமட்டத்தை ஒரு புள்ளியில் மட்டுமே தொடுவதால், அது சற்று மேலே தொங்குவதாகக் கண் நினைத்துக்கொள்ளும். அதை நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கீழே இறக்கினால்தான் மட்டமாகத் தெரியும். அடுத்தது தடித்த எழுத்துகள். ரெண்டு சுழி 'ன'வையும் மூணு சுழி 'ண'வையும் ஒரே தடிமனில் வரைந்திருக்கிறீர்கள். மூன்றாவது சுழிக்கு இடம் வேண்டும் என்பதால் 'ண' அகலமாகும், அல்லது உள்ளே வெள்ளை அடைபட்டுக் கருமையாகும். உங்கள் தாளில் இரண்டும் நேர்ந்திருக்கின்றன. 'ண'வின் கோடுகளை மட்டும் கொஞ்சம் மெலிதாக்குங்கள். அளந்து பார்ப்பவருக்கு அது முரணாகத் தெரியலாம், படிப்பவருக்கு இரண்டும் ஒரே தடிமனாகத் தெரியும். அதுபோலவே கிடைக்கோடு, அதே தடிமனுள்ள நிலைக்கோட்டைவிடக் கண்ணுக்குப் பருமனாகத் தெரியும் என்பதால், அதையும் ஒரு சிறிது குறைக்க வேண்டும்.

கடைசியாக, தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். சொல்லின் பொருள் மறைந்துவிடும். கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும். எங்கே கறுப்பு திரள்கிறது, எங்கே வெள்ளை ஓட்டை விழுகிறது என்பது அப்போது தானாகத் தெரியும்.

கேள்வி: எழுத்துரு வரைய எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

பதில்: செலவில்லாமல் தொடங்க ஃபான்ட்ஃபோர்ஜ் போதும், தொழிலாகச் செய்பவர்கள் கிளிஃப்ஸ், ஃபான்ட்லேப், ரோபோஃபான்ட் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார்கள். இவற்றுள் கிளிஃப்ஸும் ரோபோஃபான்ட்டும் மேக் கணினியில் மட்டுமே இயங்கும். மென்பொருளைத் தேடி அலைவதற்கு முன் ஒரு மாதம் பென்சிலாலும் பட்டைமுனைப் பேனாவாலும் எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: பழைய கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குழம்பித் தெரிகின்றன. இது எழுத்துருவின் பிழையா?

பதில்: பிழை என்பதைவிட, அக்காலத்தின் ஏற்பாடு என்பது பொருந்தும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவலாவதற்கு முன் கணினிக்குத் தமிழ் என்று தனியே ஒன்று தெரியாது. ஆகவே 'பாமினி' போன்ற எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். நீங்கள் தட்டியது, கணினியின் கணக்கில், ஓர் ஆங்கில எழுத்துதான்; அதன் மேல் தமிழ் உடை போர்த்தியிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உடை கழன்றுவிடும், உள்ளே இருந்த ஆங்கிலம் வெளியே தெரியும்.

யூனிகோட்டில் தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி உண்டு. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள்: 'கு' என்ற எழுத்துக்கு அதில் தனி இடம் இல்லை. ககரமும் உகரக் குறியும் அடுத்தடுத்துப் பதிவாகின்றன. 'இவ்விரண்டும் சேர்ந்து வந்தால் இந்த வடிவத்தைக் காட்டு' என்ற விதி எழுத்துருவுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. 'கொ' என்றால் ககரத்துக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் வந்து நிற்க வேண்டும். அந்தப் பிரிப்பையும் இடமாற்றத்தையும் மென்பொருள் செய்கிறது. சில பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த மென்பொருள் தமிழின் விதிகளைக் கற்கவில்லை. உங்கள் பழைய கோப்புகளை உரிய மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை மெய்ப்பும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எழுத்துருவை உருவாக்குவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன என்கிறார்கள். அங்கே என்ன நடக்கிறது? அவற்றுக்கு வருமானம் எப்படி?

பதில்: உலோக அச்சுக் காலத்தில் இது உண்மையிலேயே வார்ப்புத் தொழில். எஃகுக் கம்பியின் முனையில் ஓர் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தில் ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த குழம்பை ஊற்றி, அச்செழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எழுத்துரு நிறுவனங்களை இன்றும் எழுத்து வார்ப்பகம் என்று அழைப்பது அதனால்தான். 1886-இல் நியூயார்க் டிரிப்யூன் நாளிதழில், ஒரு வரியை முழுதாக உலோகத்தில் வார்த்துத் தரும் லினோடைப் இயந்திரம் வேலைக்கு வந்த பிறகு, இயந்திரம் விற்பவரே அதற்குரிய எழுத்தையும் விற்றார். அதன் விசைப்பலகையில் இருந்தவை 90 விசைகள். ஆங்கிலத்துக்குப் போதுமான அந்த எண்ணிக்கைக்குள் மற்ற மொழிகள் தங்கள் எழுத்துகளைக் குறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எழுத்துக்கு ஏற்ற இயந்திரம் என்பது போய், இயந்திரத்துக்கு ஏற்ற எழுத்து என்று ஆனதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. கணினி வந்ததும் இந்தக் கட்டு தளர்ந்தது. 1981-இல் தொடங்கப்பட்ட பிட்ஸ்ட்ரீம், எந்த இயந்திரத்தையும் சாராமல் எண்ணியல் எழுத்துருக்களை மட்டும் விற்க வந்த நிறுவனம். அதன் நிறுவனர்களில் மேத்யூ கார்ட்டரும் ஒருவர். இளமையில் ஹாலந்து அச்சகம் ஒன்றில் எஃகில் எழுத்துச் செதுக்கக் கற்ற அதே கைதான் பிறகு பிக்சலையும் கையாண்டது. 1980களின் நடுவில், பக்கத்தின் அமைப்பை அச்சுப்பொறிக்கு விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும், மேசைக் கணினியிலேயே எழுத்துரு வரைய உதவும் ஃபான்டோகிராஃபர் மென்பொருளும் வந்த பிறகு, ஒருவரோ இருவரோ சேர்ந்து ஒரு நிறுவனம் நடத்துவது இயலும் என்றானது.

இன்று மோனோடைப் போன்ற பெரிய நிறுவனங்களும், விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்களைக் கொண்ட சிறு நிறுவனங்களும் அடுத்தடுத்து இயங்குகின்றன. இந்தியாவில் 2009-இல் தொடங்கிய இந்தியன் டைப் ஃபவுண்டரியும், மும்பையின் ஏக் டைப்பும் பல இந்திய எழுத்துமுறைகளில் வேலை செய்கின்றன. ஏக் டைப்பின் 'பாலூ' குடும்பத்தில் தமிழுக்கு உரியது 'பாலூ தம்பி'.

உள்ளே நடக்கும் வேலையை மூன்று பேரின் வேலையாகப் பார்க்கலாம், மூன்றையும் ஒருவரே செய்தாலும் கூட. ஒருவர் வரைகிறார். ஒருவர் எழுத்துருவுக்குள் விதிகளை எழுதுகிறார். ஒருவர் எல்லாக் கருவிகளிலும் சோதித்துப் பிழை தேடுகிறார். தமிழில் எழுத்து 247 என்றாலும் அத்தனையையும் வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி பெற்றவை 18, இகர ஈகார வரிசைகள் 36, உகர ஊகார வரிசைகள் 36 என 121 வடிவங்களும், கொம்பு, கால் முதலிய குறிகளும் போதும். அவற்றோடு கிரந்த எழுத்துகளும் எண்களும் நிறுத்தற்குறிகளும் சேரும். பிறகு இதே தொகுதியை மெலிந்ததிலிருந்து தடித்ததுவரை பல தடிமன்களில் தர வேண்டும். இரண்டு முனைகளை மட்டும் வரைந்துவிட்டு, இடைப்பட்டவற்றைக் கணினியையே கணக்கிடச் செய்யலாம். ஆனால் இரண்டு முனைகளிலும் ஒவ்வோர் எழுத்தின் வெளிக்கோட்டை அமைக்கும் புள்ளிகளும் அதே எண்ணிக்கையில், அதே வரிசையில் அமைந்திருக்க வேண்டும். 2016-இல் அறிவிக்கப்பட்ட மாறுநிலை எழுத்துரு, இந்த இடைநிலைகள் அனைத்தையும் ஒரே கோப்பில் அடக்கிப் பயனாளரின் கையிலேயே கொடுத்துவிடுகிறது.

வருமானம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது: பொதுவில் விற்கும் எழுத்துருக்களின் உரிமக் கட்டணம், ஒரு நாளிதழோ நிறுவனமோ தனக்கென்றே செய்யச் சொல்லும் எழுத்துருவுக்கான ஊதியம். பெரிய நிறுவனம் ஒன்று ஊதியம் கொடுத்து வரையச் சொல்லி, யாவரும் பயன்படுத்தும்படி வெளியிடுவதும் உண்டு. 2010-இல் தொடங்கிய கூகுள் ஃபான்ட்ஸ் தொகுப்பில் உள்ள பல எழுத்துருக்கள் அவ்வாறு வந்தவை. இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருவுக்கும் யாரோ ஒருவர் ஊதியம் கொடுத்திருக்கிறார், அல்லது யாரோ ஒருவர் ஊதியமின்றி உழைத்திருக்கிறார்.

கேள்வி: இணையத்தில் இலவசமாகக் கிடைத்த எழுத்துருவை ஒரு மலரின் அட்டைக்குப் பயன்படுத்தினேன். அச்சகத்தார் எழுத்துருக் கோப்பையும் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: பதிவிறக்கியபோது கூடவே வந்த உரிமக் கோப்பைத் திறந்து படியுங்கள், விடை அதில் இருக்கிறது. 'எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட்' உரிமம் என்றிருந்தால் தயங்காமல் உரிமத்தோடு சேர்த்து அனுப்பலாம். அந்த உரிமத்தின்கீழ் எழுத்துருவைப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். தனியே எடுத்து அதை மட்டும் விற்கக் கூடாது, திருத்தியதையும் அதே உரிமத்தின்கீழ்தான் வெளியிட வேண்டும். 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்றிருந்தால், விலைக்கு வரும் மலரின் அட்டைக்கே அதைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. வடிவமைத்தவருக்கு எழுதி உரிமம் வாங்கிவிடுங்கள், பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு தருவார்கள். விலைகொடுத்து வாங்கிய எழுத்துருவானால், எத்தனை கணினிகளில் நிறுவலாம் என்ற வரம்பு இருக்கும். அச்சகத்தின் கணினி அந்த வரம்புக்குள் வராமல் போகலாம். அப்போது எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாக அனுப்புவதே முறை. அச்சிட அதுவே போதும் என்பதை அச்சகத்தாரும் அறிவார்.

எழுத்தின் வடிவத்துக்குச் சட்டப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுத்துருக் கோப்புக்கு மென்பொருள் என்ற முறையில் உண்டு. ஆனால் ஓர் எழுத்துருவைப் பார்த்து அப்படியே வரைந்து வேறு பெயர் சூட்டி விற்பதை, சட்டம் விட்டாலும் நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: என் தந்தையார் பாதுகாத்து வைத்திருந்த பழைய நூலை மறுபதிப்பாகக் கொண்டுவர விரும்புகிறேன். அதில் 'லை', 'னை' போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கைபோன்ற வளைவோடு இருக்கின்றன. அதே வடிவில் இன்று அச்சிட முடியுமா?

பதில்: முடியும். தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் 'ணை', 'லை', 'ளை', 'னை' ஆகிய நான்கிலும் அந்தத் துதிக்கையை விலக்கி, மற்ற எழுத்துகளுக்கு உள்ள சங்கிலிக் கொம்பையே இவற்றுக்கும் வைத்தது. 'ணா', 'றா', 'னா' ஆகியவையும் அவற்றோடு சேர்ந்த ஒகர ஓகார எழுத்துகளும் அவ்வாறே மாறின. பெரியார் 1930களிலேயே தம் இதழில் கையாண்ட வடிவங்கள் இவை. மொத்தம் 13 எழுத்துகள். அச்சுக்கோப்பவரின் கைக்கும் தட்டச்சுக்கும் அது எத்தனை எளிமையைக் கொடுத்தது என்பதை அறிந்தே அந்தச் சீர்திருத்தத்தை மதிக்கிறேன். அதேவேளையில், 'லை'யின் மேலே ஏறி வளைந்து இறங்கும் அந்தக் கோட்டைப் போல் தமிழில் வரைவதற்கு இன்பமானது வேறில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உங்களுக்கு வசதியான செய்தி என்னவென்றால், யூனிகோடு இவ்விரு வடிவங்களையும் வேறுபடுத்துவதில்லை. லகரத்துக்குப் பின் ஐகாரக் குறி என்று மட்டுமே பதிவாகிறது. அதைக் கொம்பாகக் காட்டுவதா துதிக்கையாகக் காட்டுவதா என்பது எழுத்துருவின் உள்விதி. ஆகவே மாற்று வடிவங்களாகப் பழையவற்றையும் சேர்த்து வைத்திருக்கும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் ஏதேனும் ஓர் எழுத்துரு நிறுவனத்திடம் அந்த 13 எழுத்துகளை மட்டும் வரைந்து சேர்க்கச் சொல்லுங்கள். நூலை இன்றைய முறையிலேயே தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து முடித்தபின், பக்க வடிவமைப்பின்போது அந்த மாற்று வடிவங்களை இயக்கினால் போதும். அச்சில் துதிக்கை வந்துவிடும், தட்டச்சு செய்த கோப்பில் ஓர் எழுத்துகூட மாறாது.